குறைந்த விலையும் நிறைந்த பயனும்

அரசாங்கம் ஒரு பாலத்தைக் கட்டுவிக்கின்றது. ஒரு மருந்தை வாங்குகின்றது. ஒரு பாடசாலைக்கு மேசை கதிரை கொடுக்கின்றது. இவை யாவற்றிலும் பணம் கொடுப்பவர் ஒருவர், பொருளைத் தெரிந்தெடுப்பவர் வேறொருவர், அதனைப் பயன்படுத்துபவர் மூன்றாமவர். தன் பணத்தில் தன் தேவைக்குப் பொருள் வாங்கும் இல்லத்தரசிக்கு இச்சங்கடம் இல்லை. மருதமுனைக்குச் சென்று கைத்தறிச் சேலை எடுப்பவள் நூலைத் தடவிப் பார்க்கிறாள். சாயம் போகுமா என்று கேட்கிறாள். விலையைப் பேசிக் குறைக்கிறாள். தெரிவு பிழைத்தால் நட்டம் அவளுடையது. வாய்த்தால் உடுத்து மகிழ்பவளும் அவளே. பொதுப்பணத்தைக் கையாளும் உத்தியோகத்தருக்கோ நட்டமும் சொந்தமில்லை, இலாபமும் சொந்தமில்லை. ஆகவே அவருடைய மனச்சாட்சியை மட்டும் நம்பியிராமல், விதிகளால் ஒரு வேலி கட்ட வேண்டியதாயிற்று. அந்த வேலிக்குத்தான் கேள்விப்பத்திர முறை என்று பெயர்.

‘டெண்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நம் ஈழத்துத் தமிழில் கேள்விப்பத்திரம் என்று பெயர் வைத்தவர் எவராயினும் அவர் நம் வணக்கத்துக்குரியவர். அரசாங்கம் கேட்கின்றது, வணிகர் விடை இறுக்கின்றனர். விடைகளுள் நல்லது எது என்று தேர்வது எப்படி என்பதுதான் இன்று உலகெங்கும் நிதித்துறையாளரைச் சிந்திக்க வைத்திருக்கும் வினா. நம் நாட்டிலும் தேசிய பெறுகை ஆணைக்குழு வகுத்த புதிய பெறுகை வழிகாட்டிகள் 2025 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தன. 2006 ஆம் ஆண்டு தொடக்கம் இருந்துவந்த பழைய வழிகாட்டிகளின் இடத்தை அவை பெற்றுள்ளன. இது கணக்காளருக்கும் கொந்தராத்துக்காரருக்கும் மட்டும் உரிய செய்தி என்று ஆசிரியர்களும் மாணவர்களும் ஒதுக்கிவிடலாகாது. நாம் நடக்கும் வீதியும், நம் பிள்ளைகள் படிக்கும் மண்டபமும், நம் நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்தும் இந்த வாயிலின் வழியாகவே வருகின்றன.

மலிவு என்னும் புகலிடம்

நெடுங்காலமாக நிலவிய விதி மிக எளியது. கேட்ட தகுதியை உடையவர்களுள் எவன் மிகக் குறைந்த விலை சொன்னானோ அவனுக்கு வேலையைக் கொடு என்பதே அது. இதன் சிறப்பு அதன் எளிமையிலேயே இருக்கின்றது. பெட்டியை எல்லோர் முன்னிலையிலும் திறந்து, ஒவ்வொருவர் விலையையும் உரக்க வாசித்துவிட்டால், எழுதப்படிக்கத் தெரிந்த எவனும் வென்றவன் யார் என்று ஏறக்குறைய ஊகித்துவிடலாம். அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடம் குறைவு. தமிழ்நாடு 1998 ஆம் ஆண்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத் தன்மைக்கென்று தனிச் சட்டம் இயற்றியபொழுதும் இந்த அடிப்படையே அதன் நடுநாயகமாக அமைந்தது.

ஆனால் ‘குறைந்த விலை’ என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதும், விதி சொல்வதும் ஒன்றல்ல. விதி கூறுவது, கேட்ட நிபந்தனைகளுக்குச் சாராம்சத்தில் பொருந்திய விலைமனுக்களுள், மதிப்பிட்டபின் மிகக் குறைந்ததாக நிற்பது என்பதாகும். அந்த ‘மதிப்பிட்டபின்’ என்னும் ஒரு சொல்லுக்குள்ளே பெரும் வேலை அடங்கியிருக்கின்றது. தொழினுட்ப மதிப்பீட்டுக் குழுவினர் முதலில் விலைமனுவில் ஒப்பம் இருக்கிறதா, பிணைமுறி இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பர். பிறகு கூட்டல் பெருக்கலைச் சரிபார்ப்பர். ஓர் அலகின் விலைக்கும் மொத்த விலைக்கும் பிணக்கு நேர்ந்தால் அலகு விலையே நிலைக்கும். இலக்கத்துக்கும் எழுத்துக்கும் பிணக்கு நேர்ந்தால் எழுத்தே நிலைக்கும். கழிவுகளைக் கழித்து, விடுபட்டவற்றைக் கூட்டி, எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டும். ஈற்றில், முதலாவதாக நிற்பவனுக்கு வேலையை முடிக்கும் வலு உண்டா என்று தனியே ஆராய வேண்டும். பெட்டி திறந்த அன்று மிகக் குறைவாக ஒலித்த விலை இத்துணைப் படிகளையும் தாண்டியபின் மூன்றாம் இடத்தில் நிற்பதும் உண்டு. அதனை அறியாத பலர், ‘குறைந்தவனை விட்டுவிட்டு மற்றவனுக்குக் கொடுத்தார்கள், இதில் சூது இருக்கின்றது’ என்று முடிவுகட்டிவிடுகின்றனர். சூது இருக்கவும் கூடும், இல்லாதிருக்கவும் கூடும். காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதே வினாவாக இருத்தல் வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. விலை குறைவாக இருப்பதே சில வேளைகளில் ஆபத்தின் அறிகுறியாகும். சீமெந்தும் கல்லும் கூலியும் இன்ன விலை என்று தெரிந்திருக்க, அச்செலவுக்கும் கீழே ஒருவன் விலை சொன்னால், அவன் ஒன்றில் கணக்குத் தெரியாதவன். அல்லது இடையில் வேலையை விட்டுவிடுவான். அல்லது சீமெந்தைக் குறைத்து ஈடு செய்வான். சிலர் மொத்த விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு, முதலில் செய்யும் வேலைகளுக்கு மட்டும் கூடுதல் விலை போட்டிருப்பர். நிலம் வெட்டி அத்திவாரம் இடும் கட்டத்திலேயே பெரும்பணம் கைக்கு வந்துவிடும். கூரை போடும் காலத்தில் ஆளைக் காண முடியாது. ஆகவேதான் அசாதாரணமாகக் குறைந்த விலையைக் கண்டால் அதற்கு விளக்கம் கேட்க வேண்டும் என்றும், தேவையானால் கூடுதலான செயலாற்றுப் பிணை வாங்க வேண்டும் என்றும் நல்ல விதிகள் கூறுகின்றன.

எனினும் நடைமுறையில் அதிகாரிகள் மலிவையே நாடுவதற்கு ஒரு காரணம் உண்டு. அது சிக்கன உணர்வு அன்று, அச்சம். குறைந்த விலைக்காரனைத் தெரிந்தவரைக் கணக்காய்வு எளிதில் கேள்வி கேட்பதில்லை. இரண்டாமவனைத் தெரிந்தவரோ பக்கம் பக்கமாக விளக்கம் எழுத வேண்டும். மூன்று ஆண்டில் வீதி பெயர்ந்தால் அவர் அதற்குள் இடமாற்றம் பெற்றுப் போயிருப்பார். ஊரார் மட்டும் அங்கேயே இருப்பர். இவ்வாறு, உத்தியோகத்தரைக் காக்கும் விதி ஊரைக் காக்கும் விதியாக இல்லாமல் போகின்றது.

ஆயுட்காலச் செலவு

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன். ஒரு மதகு கட்ட இருவர் விலை தருகின்றனர் என்று கொள்வோம். முதலாமவர் விலை 80 இலட்சம் ரூபா. மதகு 10 ஆண்டு தாங்கும். ஆண்டுப் பராமரிப்பு 5 இலட்சம். இரண்டாமவர் விலை 110 இலட்சம். மதகு 20 ஆண்டு தாங்கும். ஆண்டுப் பராமரிப்பு 2 இலட்சம். பெட்டி திறக்கும் நாளில் முதலாமவர் 30 இலட்சம் மலிவானவர். இருபது ஆண்டுக்குக் கணக்குப் பார்த்தால், முதலாமவர் மதகை இருமுறை கட்ட வேண்டும். அது 160 இலட்சம். பராமரிப்பு 100 இலட்சம். ஆக 260 இலட்சம். இரண்டாமவர் வழியில் 110 இலட்சமும் 40 இலட்சமும் சேர்ந்து 150 இலட்சமே. நாளைய ரூபாவின் பெறுமதி இன்றைய ரூபாவிலும் குறைவு என்று வட்டியைக் கழித்துப் பார்த்தால் இந்த இடைவெளி ஓரளவு சுருங்கும்; ஆயினும் சாதாரண வட்டி வீதத்தில் மறைந்துவிடாது. முதல் விலையை மட்டும் பார்ப்பவன் தேங்காயின் விலையைக் கேட்டுவிட்டு, உள்ளே பருப்பு இருக்கிறதா என்று ஆட்டிப் பாராதவனுக்கு ஒப்பாவான்.

உலக நாடுகள் இதனை மெல்ல மெல்ல உணர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஆம் ஆண்டுப் பணிப்பாணையில், பொருளாதார நோக்கில் மிக அனுகூலமான விலைமனுவே வெல்ல வேண்டும் என்று வகுத்து, ஆயுட்காலச் செலவையும் தரத்தையும் கணக்கில் எடுக்க வழி செய்தது. உலக வங்கி 2016 ஆம் ஆண்டு ஜூலை முதல், தான் கடன் கொடுக்கும் திட்டங்களுக்கு இவ்வகை நோக்கை ஏற்றது. பிரித்தானியாவின் 2023 ஆம் ஆண்டுப் பெறுகைச் சட்டம் 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, ‘பொருளாதார நோக்கில்’ என்னும் அடைமொழியையும் நீக்கி, ‘மிக அனுகூலமான விலைமனு’ என்று மட்டும் கூறிற்று. இந்தியாவும் 2021 ஆம் ஆண்டு அக்டோபரில், கட்டுமான வேலைகளிலும் தரத்துக்கு 30 சதவீதம் வரை புள்ளி கொடுக்கலாம் என்று வாயிலைச் சற்றே திறந்தது.

புள்ளிகளின் மாயம்

இவ்வளவையும் படிக்கும் அன்பர்கள், ‘அப்படியானால் விலையை விட்டுத் தரத்தைப் பார்ப்பதே சாலச் சிறந்தது’ என்று தீர்மானித்துவிடலாம். அங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். தரத்துக்குப் புள்ளியிடுபவர் மனிதர். மனிதருக்கு மைத்துனர் உண்டு.

மேலும் ஒரு கணக்குக் காட்டுகிறேன். ஆலோசனைப் பணி ஒன்றுக்கு இரு நிறுவனங்கள் போட்டியிடுகின்றன என்க. முதல் நிறுவனம் தரத்தில் 90 புள்ளி. விலை 60 இலட்சம். இரண்டாவது தரத்தில் 80 புள்ளி. விலை 40 இலட்சம். வழக்கமான முறைப்படி மிகக் குறைந்த விலைக்கு 100 புள்ளி; மற்றதற்கு விகிதப்படி குறையும். ஆகவே இரண்டாவதற்கு விலைப்புள்ளி 100, முதலாவதற்கு 66.67. தரத்துக்கு 80, விலைக்கு 20 என்று நிறை கொடுத்தால், முதலாவது 85.33 பெறும், இரண்டாவது 84 பெறும், முதலாவது வெல்லும். தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று மாற்றினாலோ, முதலாவது 83, இரண்டாவது 86, இரண்டாவது வெல்லும். நிறுவனங்கள் மாறவில்லை; விலை மாறவில்லை; புள்ளியும் மாறவில்லை. தராசின் முள்ளைச் சற்றே நகர்த்தியதும் வெற்றி கைமாறிற்று.

ஆகவேதான், எதற்கு எவ்வளவு நிறை என்பது விலைமனுக் கோரும் அறிவித்தலிலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். பெட்டி திறந்தபின் ஓர் எள்ளளவும் மாற்றலாகாது. பரீட்சை முடிந்து விடைத்தாள்களைக் கண்டபின் புள்ளித்திட்டம் வகுக்கும் ஆசிரியரை நாம் என்னென்போம்? அந்தப் பெயரே பெட்டி திறந்தபின் நிறை வகுக்கும் குழுவுக்கும் பொருந்தும். ஆசிரியப் பெருமக்களுக்கு இதனை விரித்துக் கூற வேண்டியதில்லை.

விலைவிதியிலும் சூது நுழையாமல் இல்லை. கிராமத்துச் சங்கம் ஒன்றின் சிறு கொள்வனவுக்காகக் கோரப்பட்ட மூன்று விலைமனுக்களை ஒருமுறை பார்த்தேன். மூன்று கடைகளின் பெயர்; மூன்று முத்திரை; ஆனால் எழுத்து ஒரே கையெழுத்து; எழுத்துப்பிழைகூட ஒன்றே. மூன்று விலை வேண்டும் என்ற விதி அங்கே அட்சரம் பிசகாமல் நிறைவேறியிருந்தது. போட்டி என்ற பொருள் மட்டும் அதில் இல்லை. விதியின் உடலைப் பேணி உயிரைப் போக்குவது நம்மவர்க்குக் கைவந்த கலை.

உத்தரமேரூர் கற்பிக்கும் பாடம்

இத்தகைய ஐயப்பாடு நமக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சார்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை வரலாற்று மாணவர் அறிவர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த வரலாற்றைப் பலரும் பெருமையுடன் எடுத்துரைப்பர். எனக்கோ, ஓலை எடுத்த முறையிலும் பெரிதாகத் தோன்றுவது, எவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்று அச்சபை வகுத்த விலக்குகளே. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் தகுதியற்றவன். அவன் மட்டுமல்லன், அவனுடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். ஊர்ப்பொருளைக் கையாளும் பணிக்கு முன்னைய கணக்கே முதற் சான்றிதழ் என்பதனை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கிராமச் சபை கல்லில் வெட்டி வைத்தது. வள்ளுவரும் ஆளைத் தெரிந்து தெளிவதை ஓர் அதிகாரமாகவும், தெளிந்தவனிடம் வினையை ஒப்படைத்து ஆள்வதை அடுத்த அதிகாரமாகவும் பிரித்து வைத்தார். ஆளைத் தெரிதல் வேறு, தெரிந்தபின் வேலை வாங்குதல் வேறு என்ற அறிவு அந்த வரிசையிலேயே அடங்கியிருக்கின்றது.

நம் நாட்டிலே இந்த வேலியைக் காக்கும் காவலன் பட்டபாடு எளிதன்று. 2015 ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 19 ஆவது திருத்தம் தேசிய பெறுகை ஆணைக்குழுவைத் தோற்றுவித்தது. 2020 ஆம் ஆண்டில் 20 ஆவது திருத்தம் அதனை நீக்கிற்று. 2022 ஆம் ஆண்டில் 21 ஆவது திருத்தம் மீண்டும் கொணர்ந்தது. ஏழாண்டுக்குள் பிறந்து, இறந்து, மறுபிறவி எடுத்த நிறுவனம் அது. நாடு பொருளாதார வீழ்ச்சியில் ஆழ்ந்தபின், சர்வதேச நாணய நிதியம் 2023 ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியிட்ட ஆட்சிமுறை பற்றிய அறிக்கை, பொதுப் பெறுகைக்கென்று பாராளுமன்றச் சட்டம் ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே 2023 ஆம் ஆண்டில்தான், அவசரம் என்ற பெயரால் வாங்கப்பட்ட இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்து பற்றிய விவகாரம் எழுந்து நாட்டை உலுக்கி நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கின் முடிவைக் கூறுவது நீதிமன்றத்தின் பொறுப்பு. அவசரம் என்னும் சொல்லே வேலியில் மிகப் பெரிய பொட்டு என்பதனை மட்டும் நாம் கூறலாம்.

ஒலுவிற் கடலோரத்தில்

இனி, நம் கரையோரத்துக்கே வருவோம். கல்முனைக்குத் தெற்கே நிந்தவூரைக் கடந்தால் ஒலுவில் வரும். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கே இருப்பதால் மாணவர் பலர் அதனை அறிவர். அங்கே ஒரு துறைமுகம் வேண்டும் என்பது, 1994 முதல் துறைமுக அமைச்சராக இருந்து 2000 ஆம் ஆண்டில் மறைந்த எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் கனவு. அக்கனவு அவர் மறைவுக்குப் பின்னர், டென்மார்க்கு நாட்டின் வட்டியில்லாக் கடனுதவியால் உருப்பெற்றது. 2008 ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. எம். டி. ஹொய்கோர் என்னும் டேனிஷ் நிறுவனம் கட்டிற்று. செலவு ஏறத்தாழ 46 மில்லியன் யூரோ. 2013 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி துறைமுகம் திறக்கப்பட்டது.

அதன் பின்னர் நடந்ததனை ஒலுவில் மக்களைக் கேட்டால் கண்ணீருடன் கூறுவர். இந்தக் கரையோரத்தில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே இடையறாது நகர்த்திக்கொண்டிருக்கின்றன. அது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆறு. அந்த ஆற்றின் குறுக்கே அலைதடுப்புச் சுவர்கள் நீண்டன. மணல் தெற்கே தேங்கிற்று. துறைமுக வாயிலை அடைத்தது. வடக்கே மணல் வரத்து நின்றதால் கடல் நிலத்தைத் தின்றது. தென்னந்தோப்புகள் சரிந்தன, ஒலுவில், நிந்தவூர்க் கரைகள் அரிக்கப்பட்டன. வாயில் அடைபட்ட காலங்களில் மீனவர் தோணிகள் உள்ளே இருந்தவை வெளியே போகவும், வெளியே இருந்தவை உள்ளே வரவும் இயலாது தவித்தன. மணலைத் தோண்டி எடுக்க வேண்டும் என்று ஒரு சாரார் போராட, தோண்டினால் எங்கள் கரை போய்விடும் என்று இன்னொரு சாரார் எதிர்க்க, அயலூர் மீனவரிடையே மனத்தாங்கலும் மூண்டது.

கட்டிய நிறுவனத்தின் கைத்திறனைப் பற்றியதன்று என் வாதம். கற்கள் உறுதியாகவே நிற்கின்றன. என் வாதம் கேள்வியைப் பற்றியது. இவ்வகைக் கலப்புக் கடன் திட்டங்களின் இயல்பு, கடன் தரும் நாட்டின் நிறுவனங்களுக்கே வேலை போய்ச் சேர வேண்டும் என்பதாகும். ஆகவே போட்டி தொடக்கத்திலேயே ஒரு நாட்டு எல்லைக்குள் சுருங்கிவிடுகின்றது. வட்டியில்லை என்ற மகிழ்ச்சியில் முதல் கட்டுவிலை உயர்ந்ததா தாழ்ந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமையை நாம் இழந்துவிடுகிறோம். அதனிலும் பெரிது ஒன்றுண்டு. ஆண்டுதோறும் மணல் தோண்டும் செலவு எவ்வளவு, அதனை யார் கொடுப்பார், கரை அரித்தால் இழப்பீடு யாருக்கு என்னும் கேள்விகள் கட்டுவிலையோடு ஒரே தராசில் நிறுக்கப்பட்டிருந்தால், ‘அனுகூலமானது எது’ என்ற விடை வேறாகியிருக்கக் கூடும். பிழையான கேள்விக்குச் சரியான விடையை எவ்வளவு நேர்மையாகத் தெரிந்தெடுத்தாலும், கிடைப்பது பிழையே.

பயன் என்பது கட்டிடத்தில் இல்லை. அதனைப் பயன்படுத்துவதில் இருக்கின்றது. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. அக்கரைப்பற்றுக்கு அண்மையில் நுரைச்சோலையில், சவூதி அரேபிய உதவியால், வீடிழந்தோருக்கென்று 500 வீடுகள் எழுந்தன. பங்கீடு பற்றிய பிணக்கு 2009 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் வரை சென்றது. அவ்வீடுகள் நெடுங்காலம் குடியில்லாது காடுபற்றிக் கிடந்தன. வீடு கட்டியவர் விலைப்பட்டியலில் எந்தக் குறையும் இல்லாதிருந்திருக்கலாம். ஆனால் விளக்கேற்றப்படாத வீட்டுக்கு என்ன பெறுமதி?

தாம்போதியின் கணக்கு

நான் வாழும் சொறிக்கல்முனையிலிருந்து கல்முனைக்குச் செல்வோருக்குக் கிட்டங்கித் தாம்போதி பழக்கமானது. மாரி பொழிந்து வெள்ளம் பெருகிய ஆண்டுகளில் தாம்போதியின் மேலாக நீர் பாய்ந்து, நாவிதன்வெளிப் பிரதேசத்தையும் கல்முனையையும் பலமுறை பிரித்திருக்கின்றது. தாம்போதி பாலத்திலும் மலிவானது. அதனால்தான் வெள்ள நிலங்களில் அது பெருவழக்காயிற்று. அதன் விலைப்பட்டியலில் சீமெந்து இருக்கும், கம்பி இருக்கும், கூலி இருக்கும். மூடப்பட்ட நாட்களில் பாடசாலைக்குப் போகாத பிள்ளையும், ஆசுபத்திரிக்குச் சுற்றிப் போன கர்ப்பிணியும், சந்தைக்குப் போகாமல் அழுகிய மரக்கறியும் அதில் இரா. விலைமனுவின் கடைசி வரிக்குக் கீழே, எவரும் கூட்டாத ஒரு வரி இருக்கின்றது. அதனை ஊரார் ஆண்டுதோறும் செலுத்தி வருகின்றனர்.

2024 ஆம் ஆண்டு நவம்பர் 26 ஆந் திகதி, காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வெள்ளம் பாய்ந்த வீதியில், நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவரை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. அந்த இளம் உயிர்களுக்காகத் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே அழுதனர். அத்துயரத்துக்கு ஒரு கேள்விப்பத்திரத்தைக் காரணமாக்குவது பொருந்தாது. அடைமழையும் அவசரமும் எத்தனையோ காரணங்களும் அங்கே கூடின. ஆயினும், வெள்ளம் வரும் என்று தெரிந்த நிலத்தில் ஒரு வழியை அமைக்கும்பொழுது, ‘எது மலிவு’ என்று கேட்பதா, ‘கார்த்திகை மாதத்திலும் ஒரு பிள்ளை பத்திரமாகக் கடக்கத்தக்கது எது’ என்று கேட்பதா என்பதனை அந்நாள் நமக்கு முன்னே வைத்துவிட்டது.

செய்யத்தக்கன

அவ்வாறாயின் மலிவு விதியை எறிந்துவிடுவதா? அன்று. ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு முறை தகும். கடதாசி, சீமெந்து மூட்டை, எரிபொருள் போன்று தரம் வரையறுக்கத்தக்க பொருளுக்குக் குறைந்த விலையே உகந்தது. அங்கே புள்ளியிடும் வித்தைக்கு இடம் கொடுப்பது திருடனுக்குத் திறப்புக் கொடுப்பதாகும். நெடுநாள் நிற்க வேண்டிய பாலம், இயந்திரம், கட்டிடம் ஆகியவற்றுக்கு ஆயுட்காலச் செலவையே விலையாகக் கொள்ள வேண்டும். அது ரூபாவில் கணக்கிடத்தக்கது என்பதால் மனிதரின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடம் குறைவு. அறிவை வாங்கும் ஆலோசனைப் பணிகளுக்கு மட்டும் தரப்புள்ளி முதன்மை பெறலாம். அங்கும் நிறைகள் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். ஒவ்வோர் உறுப்பினரும் தனித்தனியே புள்ளியிட்டு, காரணம் எழுத வேண்டும். தோற்றவனுக்கு ஏன் தோற்றாய் என்று எழுத்தில் கூற வேண்டும். தோற்றவனைப் போலக் கூர்மையான கணக்காய்வாளன் வேறில்லை.

இந்திய உயர் நீதிமன்றம் 1994 ஆம் ஆண்டில் டாட்டா செல்லுலார் வழக்கில் வகுத்த நெறி இங்கே நினைவுகூரத் தக்கது. எந்த விலைமனு சிறந்தது என்று நீதிமன்றம் மேன்முறையீட்டு மன்றம்போல் அமர்ந்து தீர்மானிக்காது. தீர்மானித்த முறை நேரியதா என்பதனையே பார்க்கும் என்பது அந்நெறியின் சாரம். நீதிபதிகளுக்குப் பொருந்தும் இவ்வடக்கம் குடிமக்களாகிய நமக்கும் பொருந்தும். எந்தக் கொந்தராத்துக்காரர் நல்லவர் என்று வாதிட நமக்கு அறிவு போதாதிருக்கலாம். முறை நேரியதா என்று கேட்க எவருக்கும் அறிவு போதும்.

அதற்கான கருவியும் நம் கையிலே இருக்கின்றது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது அதிகாரசபைகளிடம் எழுத்தில் கேட்கும் உரிமையை நமக்கு அளித்திருக்கின்றது. பிரதேச சபையின் ஒரு வீதிக்கு எத்தனை விலைமனுக்கள் வந்தன, எந்தக் காரணத்தால் ஒன்று தெரியப்பட்டது, எத்தனை ஆண்டு அது தாங்க வேண்டும் என்று கணக்கிடப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதற்குச் சட்டத்தரணி வேண்டியதில்லை. குடியியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் தம் உயர்தர வகுப்பு மாணவரைக்கொண்டு ஆண்டுக்கு ஒரு வேலையை இவ்வாறு பின்தொடரச் செய்வாராயின், அம்மாணவர் கணிதமும் சட்டமும் தமிழும் ஒருங்கே கற்பர். ஊரில் உத்தியோகம் பார்ப்போரும் தம் மேசையிலுள்ள கோவையை ஒருவர் வாசிக்கப் போகிறார் என்ற நினைவோடு எழுதுவர். அந்த நினைவு எத்தனையோ விதிகள் செய்யாததைச் செய்யும்.

கேள்விப்பத்திரம் அரசாங்கம் வணிகரிடம் கேட்கும் கேள்வி என்று தொடக்கத்தில் கூறினேன். அது பாதி உண்மையே. அக்கேள்வி சரியான கேள்விதானா என்று அரசாங்கத்திடம் கேட்பது மறுபாதி. அந்த மறுபாதியைக் கேட்க வேண்டியவர்கள் நாமே.